வீடு யார் பேரில்?

(காரமடையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2009 மே 2. தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. முல்லைத்தீவுக் கடற்கரையில் இலங்கை ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கோவை நீலாம்பூர் பைபாஸில் வரிசையாக வந்த ராணுவ லாரிகளை ஒரு கூட்டம் மறித்தது. கேரளா வழியாக இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்று பேச்சு பரவியிருந்தது. பெரியார் திராவிடர் கழகத்தினர் உள்ளிட்டோர் வண்டிகளைத் தாக்கினார்கள், வழக்குகள் பாய்ந்தன. இது வழக்கமான பயிற்சிப் பயணம், வேறொன்றும் இல்லை என்று ராணுவம் விளக்கம் சொன்னது.

வெளியுறவு மத்திய அரசின் வேலை என்கிறது அரசியல் சட்டம். ஆனால் அது டெல்லியிலேயே நின்றுவிடுவதில்லை. மேட்டூருக்கு அடுத்த கொளத்தூரில் 1980களில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. செங்கடலில் ஹூத்திகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த 2023 கடைசியிலிருந்து திருப்பூர் பனியன் கண்டெய்னர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போயின. எங்கேயோ நடக்கும் சண்டையில் நமக்கென்ன என்று கொங்கு நாட்டில் யாரும் கேட்க முடியாது.

ஆனால் நம்முடைய வாதமெல்லாம் சண்டையோடு நின்றுபோகிறது. யார் யாருக்கு ஆயுதம் கொடுத்தார்கள், யார் துரோகம் செய்தார்கள், ஐ.நா.வில் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்பதற்கெல்லாம் பந்தல் போட்டுப் பேசுகிறோம். சண்டை ஓய்ந்த மறுநாள் யாருக்கு எங்கே வீடு, எந்தப் பேரில் பட்டா, யார் கையில் பணம் என்று முடிவாகும் இடத்தில் மட்டும் ஆளைக் காணோம். இந்தியா இலங்கையில் செய்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த ஆளில்லாத இடத்தில்தான் முடிவாகியிருக்கின்றன.

முதல் கணக்கை 1964-லிருந்து எடுக்க வேண்டும். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சேராதவர்களாக ஆக்கியது. அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதில் நேரு கடைசிவரை உறுதியாக இருந்தார். 1962 சீனப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. அக்கம்பக்கத்து நாடுகளின் நட்பு டெல்லிக்குத் தேவைப்பட்டது. சீனாவோடு சமரசம் பேசக் கொழும்பில் மாநாடு கூட்டியவர் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. 1964 அக்டோபர் 30 அன்று அவரும் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1974-இல், இந்திரா காந்தி காலத்தில் அதையும் சரிபாதியாகப் பிரித்தார்கள்.

வரப்புத் தகராறில் இரண்டு பண்ணையக்காரர்கள் உட்கார்ந்து பேசி, பாதிப் பண்ணையாட்கள் உனக்கு, பாதி எனக்கு என்று பிரித்துக்கொண்டால் எப்படியோ அப்படித்தான் இதுவும். தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் தொண்டமான் அன்றைக்கே முன்வைத்த புகார், எங்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான். அது பொய்யில்லை. மனுப் போடச் சொன்னபோது, இலங்கைக்கு ஒதுக்கிய எண்ணிக்கைக்கு மேலாகவே ஆட்கள் இலங்கைக் குடியுரிமை கேட்டார்கள். பிறந்த மண்ணிலேயே இருக்கிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லை.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போய்விட்டது. முன்பு தனுஷ்கோடிக்கு வந்த தலைமன்னார்க் கப்பல் அதன்பின் ராமேஸ்வரத்துக்கு வந்தது. வந்தவர்களை மண்டபம் முகாமில் பதிந்து, குடும்ப அட்டை கொடுத்து அனுப்பினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அதுதான் இன்றைய டான்டீ. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்குக் கடன் கொடுக்க 1969-இல் ரெப்கோ வங்கி வந்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், இந்தப் பக்கம் வால்பாறை என்று குடியேறினார்கள். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி வண்டி ஏறுகிறவர்களில் அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இருக்கும். தாயகம் திரும்பியோர் என்பது அரசு வைத்த பேர். ஊர் வைத்த பேர் சிலோன்காரர்.

தாயகம் என்று சொல்லி அழைத்துவந்தார்களே தவிர, வீடு மட்டும் பழையபடி தோட்டத்தின் வீடாகவே இருந்தது. அங்கே லயம், இங்கே லைன் வீடு. வேலையில் இருக்கும்வரைதான் கூரை. பணி ஓய்வு பெறும் நாளில் சாமானை எங்கே இறக்குவது என்ற கேள்வி கண்டியில் தாத்தாவுக்கு இருந்தது, நீலகிரியில் பேரனுக்கும் இருந்தது. ஐந்தேகால் லட்சம் பேரைக் கடல் தாண்ட வைப்பது என்று இரண்டு பிரதமர்கள் போட்ட ஒப்பந்தத்தில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது 1987. இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, சுருக்கமாகப் பார்க்கலாம். ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் உணவும் மருந்தும் போட்டுவிட்டு வந்தன. அந்த நடவடிக்கைக்குப் பூமாலை என்று பேர். ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவை அடித்தான். ஒப்பந்தத்தின்படி அங்கே போன இந்திய அமைதிப்படையும் புலிகளும் அக்டோபரில் மோதிக்கொண்டார்கள். அந்தத் தீபாவளிச் சமயத்தில், 21-ஆம் தேதி, யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இந்தியாவுக்குச் சுமார் 1,200 வீரர்கள் பலி. 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அடுத்த ஆண்டு மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார்.

கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தோடு சேர்ந்த கடிதங்களை. இரண்டு தலைவர்களும் மாற்றிக்கொண்ட அந்தக் கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டு ராணுவத்துக்கும் தரக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் கிடங்கை இரண்டு நாடும் சேர்ந்து சீரமைக்க வேண்டும், வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ராணுவக் காரியத்துக்குப் பயன்படக் கூடாது என்றெல்லாம் இருந்தது. தமிழருக்கு மாகாண சபை, டெல்லிக்குத் திருகோணமலை. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. எந்த நாடும் தன் காரியத்தைப் பார்க்கத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டு பாதியும் பிறகு என்ன ஆயின என்று பார்த்தால் டெல்லியின் மனசு புரியும். எண்ணெய்க் கிடங்குப் பேச்சு 35 வருஷம் விடாமல் நடந்தது. 2022 ஜனவரியில் 99 தொட்டிகளில் 61-ஐக் கூட்டு நிறுவனத்துக்கும் 14-ஐ இந்தியன் ஆயில் கம்பெனியின் இலங்கைக் கிளைக்கும் கொடுத்துக் கையெழுத்தானது. மாகாண சபை? இணைந்திருந்த வடக்கு கிழக்கை 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் பிரித்துவிட்டது. வடக்குக்குத் தனியாக முதல் தேர்தலே 2013-இல்தான் நடந்தது. அந்தச் சபையும் 2018 அக்டோபரில் காலாவதியானது. அப்புறம் தேர்தலே இல்லை. மாகாண சபைகளைக் கொண்டுவந்த இலங்கை அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாவது திருத்தத்தை முழுசாக அமல்படுத்துங்கள் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் இந்தியா சொல்லிவந்ததோடு சரி.

ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமை மன்றத்தில், கை தூக்கிய கதையும் இருக்கிறது. 2009 மே மாதம் இலங்கைக்கு ஆதரவாக ஓட்டு, 2012-லும் 2013-லும் எதிராக, 2014-இல் நடுநிலை, 2021-லும் 2022-லும் நடுநிலை. 2013 மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவில் உட்கார்ந்தார்கள். தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியது. நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை. இவ்வளவு வேகத்தில் ஒரு பங்காவது அதே வருஷத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எழும்பிக்கொண்டிருந்த வீடுகளின் பக்கம் திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் இந்தியாவின் இலங்கைக் கணக்கில் உருப்படியான காரியம் அதுதான். 2010 ஜூனில் இலங்கை ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச டெல்லி வந்தபோது 50,000 வீடுகள் கட்டித்தருவதாக இந்தியா அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் வழியில் இந்தியாவே கட்டிக்கொடுத்தது. 2012-இல் அந்த வழியை விட்டுவிட்டு, பணத்தை வீட்டுக்காரர் கணக்கிலேயே போடுவது என்று மாற்றினார்கள். ஒரு குடும்பத்துக்கு இலங்கைப் பணத்தில் ஐந்தரை லட்சம். அதை மொத்தமாகத் தரவில்லை. அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் இன்னொன்று, கூரைக்கு ஒன்று, கடைசி வேலைக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஐ.நா. குடியிருப்பு அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவற்றின் ஆள் வந்து பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த தவணை.

மேசனைப் பிடிப்பது, மணல் பேசுவது, கதவு எந்தத் திசையில் வைப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. வடக்கில் அது பெரும்பாலும் வீட்டுக்காரி பொறுப்பு. புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் குடும்பங்கள் அங்கே அவ்வளவு. நேற்றுவரை போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர், இன்றைக்கு சீமெந்து விலையைக் கடைக்காரரோடு பேரம் பேசுகிறார். நிவாரணம் வாங்குகிறவருக்கும் வீடு கட்டுகிறவருக்கும் ஊரில் கிடைக்கும் மரியாதையே வேறு.

குறை இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே நேரத்தில் கட்டினால் மணல், கல், கூலி எல்லாம் ஏறும். ஏறியது. ஐந்தரை லட்சம் போதவில்லை. நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் கூரையை முடித்தவர்கள் பலர். பயனாளியைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுத்தபோது, குடும்பத்தில் தலை எண்ணிக்கை குறைவு என்பதால் பின்னுக்குப் போனவர்கள் புகார் சொன்னார்கள். யுத்தத்தில் பிள்ளைகளை இழந்ததால்தான் தலை குறைந்தது என்பது எந்தப் படிவத்துக்குத் தெரியும்? இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வடக்கிலும் கிழக்கிலும் 45,000-க்கும் மேற்பட்ட வீடுகள் நிற்கின்றன, ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

இதே மண்ணில் நடந்த இன்னொரு காரியத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 2016 வாக்கில் இலங்கை அரசு வடக்கு கிழக்கில் 65,000 இரும்பு வீடுகள் நிறுத்தத் திட்டம் போட்டது. ஆர்சலர் மிட்டல் நிறுவனம் பாகங்களாகக் கொண்டுவந்து பொருத்திக் கொடுக்கும். ஒன்றுக்கு 21 லட்சம் இலங்கை ரூபாய் என்று கணக்கு. கல் வீடு அதில் பாதி விலைக்கு முடியும். வவுனியா வெயிலில் தகரப் பெட்டிக்குள் யார் படுப்பது என்று மக்கள் கேட்டார்கள். கட்டடப் பொறியாளர்களும் தமிழ் எம்.பி.க்களும் எதிர்த்தார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. குடியிருக்கப் போகிறவரைக் கேட்காமல் வரைந்த வீடு.

ரயில் கதை கொஞ்சம் சிக்கலானது. 1990-இல் நின்றுபோன யாழ்தேவி, இந்திய நிறுவனமான இர்கான் தண்டவாளம் போட்டுக்கொடுத்த பின் 2014 அக்டோபர் 13 அன்று மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. ஜனங்கள் கொண்டாடினார்கள், நியாயம்தான். ஆனால் வீடு மானியம், தண்டவாளம் கடன். கடனை வாங்கியது கொழும்பு, வேலையைச் செய்தது இந்திய நிறுவனம். இன்னொன்றும் உண்டு. காங்கேசன்துறையைச் சுற்றிய வலிகாமம் வடக்குக் கிராமங்களை ராணுவம் 1990-லிருந்தே உயர் பாதுகாப்பு வலயம் என்று வைத்திருந்தது. ரயில் அங்கே போய்ச் சேர்ந்த நாளிலும் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் பலர் நலன்புரி முகாம்களில்தான் இருந்தார்கள். இந்தியா கட்டிக்கொடுத்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சொந்த வீடு, அதற்குள் போக அனுமதி இல்லை. தண்டவாளத்துக்குக் கடன் கொடுக்கும்போதே நிலத்தை விடுவிக்கச் சொல்லி ஒரு வரி எழுத டெல்லிக்குக் கை வரவில்லையா, எழுதியும் கொழும்பு மதிக்கவில்லையா, நாடாளுமன்றத்தில் யாராவது எழுந்து கேட்டிருக்கலாம்.

டெல்லித் தரப்பின் பதிலையும் கேட்க வேண்டும். ரொம்ப நெருக்கினால் கொழும்பு சீனாவிடம் போகும் என்பார்கள். வெறும் பேச்சு இல்லை அது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 வருஷக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் தருவதாகச் சொன்ன ஒப்பந்தத்தை 2021 பிப்ரவரியில் இலங்கை ரத்து செய்தது. இருந்தாலும் அந்த வாதம் ஒரு அளவுக்குத்தான் போகும். 2022-இல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் கை விரித்தபோது சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது இந்தியாதான். தமிழ்நாடு தன் பங்குக்கு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்து என்று கப்பலேற்றியது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் என்று அனுப்பியது நல்ல காரியம். அவ்வளவு கொடுத்த சமயத்திலும் மாகாண சபைத் தேர்தலை நடத்து என்று அழுத்திச் சொல்ல முடியவில்லை என்றால், சீனா மட்டும் காரணமாக இருக்க முடியாது.

கட்டடம் மட்டும் எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்கானிஸ்தான் இருக்கிறது. இந்தியா அங்கே சுமார் 300 கோடி டாலர் செலவழித்தது. ஜரஞ்சிலிருந்து தெலாராம் வரை 218 கிலோமீட்டர் ரோடு, ஹெராத் பக்கம் சல்மா அணை, காபூலில் நாடாளுமன்றக் கட்டடம். 2021 ஆகஸ்டில் தாலிபான் வந்தபோது ரோடு இருந்தது, அணை இருந்தது. நாடாளுமன்றக் கட்டடமும் இருந்தது, அதில் உட்கார நாடாளுமன்றம்தான் இல்லை. அதற்காக அணை கட்டியது வீண் என்று சொல்ல முடியாது. ஹெராத் விவசாயிக்குத் தண்ணீர் போகிறதே.

இனி இங்கே, நம் பக்கத்தில். மேட்டுப்பாளையம் வேடர் காலனி, பேரூர் தாண்டிப் பூலுவபட்டி, ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அரச்சலூர். இவை இலங்கைத் தமிழர் முகாம்கள். மாநிலம் முழுக்க நூற்றுச் சொச்சம் முகாம்களில் 58,000 பேர் அளவுக்கு இருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு தலைமுறை வளர்ந்திருக்கிறது. ஆண்களில் பலருக்குப் பெயிண்டிங் வேலை. வேலை எந்த ஊரில் இருந்தாலும் 'செக்கிங்' நாளில் முகாமில் தலை காட்டியாக வேண்டும். 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னது. பேரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகள் வந்தன, பெரிய மாற்றம்தான். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும்தான் உண்டு, இலங்கை கிடையாது. கோவையில் பிறந்து, கோவையில் என்ஜினீயரிங் படித்து, கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் நிற்கும் பிள்ளை இலங்கைக்குத் திரும்ப விரும்புகிறதா, இங்கேயே இருக்க விரும்புகிறதா என்று ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டு முடிவெடுக்க எந்த ஜெனீவாத் தீர்மானமும் வேண்டியதில்லை. தாலுகா ஆபீசில் ஒரு மேசை போதும்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்தன. இந்தியா மீட்புப் படையையும் பெய்லி பாலங்களையும் அனுப்பியது. டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்புக்குப் போய் 45 கோடி டாலர் உதவி அறிவித்தார். அதில் பெரும்பகுதி கடன், 10 கோடி டாலர் மானியம். ரோடு, ரயில், பாலம், வீடு என்று பட்டியல்.

சரிந்த மலைகளில் இருப்பவர்களில் தோட்டத் தமிழர்களும் நிறைய. அங்கே இந்தியா ஏற்கெனவே 4,000 வீடுகள் கட்டியிருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒன்பதரை லட்சம் இலங்கை ரூபாய். 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய மோடி இன்னும் 10,000 தருவதாக அறிவித்தார். அந்த வீடுகளுக்கு ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் என்று இலங்கை அரசு ஒத்துக்கொண்டது. சுமார் நாலு சென்ட். ஆனால் லயத்தில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு இன்றும் ஒரு பேர்ச் கிடையாது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது. முல்லைத்தீவில் பணத்தை வீட்டுக்காரர் கணக்கில் போட்டதால் காரியம் நடந்தது. மலையகத்தில் சரிந்துபோன லயத்துக்கு வீட்டுக்காரர் என்று காகிதத்தில் யார் பேரும் இல்லை. இடிந்த வீட்டுக்கு நஷ்டஈடு என்று படிவம் வரும்போது உரிமையாளர் பேர் கேட்கும் இடத்தில் எதை எழுதுவது என்று அங்கே இப்போது கேட்கிறார்கள். அந்த 10 கோடி டாலர் மானியம் முழுசாகச் செலவாகும் முன்னால் டெல்லி கொழும்பிடம் பேச வேண்டிய முதல் விஷயம் அந்த நாலு சென்ட் நிலத்தின் பத்திரம். அதைப் பேசச் சொல்லிக் கேட்க வேண்டிய எம்.பி.க்கள், நீலகிரி எம்.பி. உட்பட, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்தான்.